புத்தகத்தை மூடிவைத்துப் படித்த வருடம்

முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்தபோது எங்கள் வீட்டில் அதைப் பற்றிக் கேட்கும் நிலையில் யாரும் இல்லை. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோய்ச் சில வாரங்களே ஆகியிருந்தன. முகத்துவாரம் வழியாகப் புகுந்த தண்ணீர் மரக்காணத்து உப்பளங்களில் பாத்தி எது வரப்பு எது என்று தெரியாதபடி எல்லாவற்றையும் சேறாக்கிவிட்டுப் போயிருந்தது. அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த அளமும் அவற்றில் ஒன்று. சீசன் தொடங்க வேண்டிய நேரத்தில் ஆட்கள் சேறு வாரிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதைத் தவிர வேறு எதைப் பற்றிப் பேசினாலும் தப்பு என்பதுபோல எல்லோரும் இருந்தார்கள். அப்படிப்பட்ட நாட்களில் இரண்டு பேப்பரில் ஃபெயில் என்று எப்படிச் சொல்வது?

சொன்னேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல், "உசுரோட இருக்கறியே, அது போதும்டி. பேப்பர் போனா போவுது" என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அப்பா சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, "அடுத்த வாட்டி சேத்து எழுதிப் பாரு. வரலன்னா யோசிப்போம்" என்றார். யோசிப்போம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என்னோடு பத்தாவது வரை படித்தவள் உப்பு பாக்கெட் போடும் கொட்டகையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மாமா ஒருவர் வீட்டுக்கு வந்தபோது, "உப்பளத்துல பொறந்துட்டு கெமிஸ்ட்ரில ஃபெயிலா?" என்று சிரித்துவிட்டுப் போனார். அவர் கிண்டலாகத்தான் சொன்னார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

படிக்காமல் ஃபெயிலாகியிருந்தால் எனக்கு அவ்வளவு குழப்பம் வந்திருக்காது. நான் படித்தேன். எங்கள் தெருவுக்கே தெரியும். ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து சத்தம்போட்டுப் படிப்பேன். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப, நாக்கு தானாக ஓடும்வரை. பக்கத்து வீட்டு அக்கா தன் பிள்ளைகளிடம், "அந்தப் பொண்ணு எப்டி படிக்குது பாரு" என்று சொல்வது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். எனக்கு இன்னும் கொஞ்சம் சத்தம் கூடும். ப்ளஸ் டூவில் அது போதுமாக இருந்தது. புதுச்சேரியில் கல்லூரியில் சேர்ந்து, எல்லாம் இங்கிலீஷாகி, கெமிஸ்ட்ரி புத்தகம் தலையணை கனத்துக்கு வந்தபோதும் நான் அதையேதான் செய்தேன். புரியாத இடத்தில் இன்னும் சத்தமாகப் படித்தேன்.

பரீட்சை ஹாலில் நடந்ததை இப்போதும் சொல்ல முடியும். கேள்வியைப் பார்த்தவுடன் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. இடது பக்கம், மேலே ஒரு படம், ஓரத்தில் குழம்புக் கறை. கறை கண்ணுக்குள் அப்படியே வந்தது. பாரா வரவில்லை. பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடி உட்கார்ந்திருந்தேன். முன்னால் இருந்தவள் கூடுதல் தாள் கேட்டு எழுந்து நின்றாள்.

ரெண்டாவது செமஸ்டர் அப்படியே தொடங்கியது. காலையில் மரக்காணத்தில் பஸ் ஏறினால் ஈசிஆர் வழியாகப் புதுச்சேரி. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கல்லூரிக்கு இன்னொரு டவுன் பஸ். போகும் நேரத்தில் படித்துவிடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். என்னால் முடியாது. ஓடுகிற பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்தால் அனுமந்தை வருவதற்குள் வாந்தி வந்துவிடும். கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து மோந்துகொண்டே ஜன்னலைப் பார்த்து வருவேன்.

கோட்டக்குப்பத்தில் என் வகுப்புப் பெண் ஒருத்தி ஏறுவாள். அவள் அப்பா, அவள் வாயில் அத்தா, சவூதியில் வேலை பார்த்தார். வீட்டில் அம்மா, இரண்டு தங்கைகள், ஒரு பெரியம்மா. அவளுக்கும் ஒரு பேப்பர் போயிருந்தது. நான் அதை யாரிடமும் சொல்லாமல் திரிந்தபோது அவள் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். "ஒண்ணு அவுட்டு. அடுத்த தபா புடிச்சிருவேன்" என்பாள், ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டவள்போல.

ஒரு நாள் காலையில் ஏறியதும் என் பக்கத்தில் இடித்து உட்கார்ந்தாள். முந்தின நாள் அவள் வரவில்லை.

"நேத்து மிஸ் இன்னா எடுத்தாங்க?"

"நோட்டு தர்றேன். பஸ் ஸ்டாண்ட்ல எறங்கிப் பாரு."

"அங்க ஏது நேரம்? மொத பீரியட்லயே கேப்பாங்க. இப்பக் குடு."

நான் பையைத் திறந்தேன். அவளே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்மா, நீ வாந்தி எடுப்ப, நான் இன்னிக்குத்தான் புது புர்கா போட்டுனு வந்திருக்கேன். வாயாலயே சொல்லு. நேத்து படிச்ச இல்ல?"

"படிச்சேன். நாலஞ்சு வாட்டி."

"அப்ப சொல்லு."

"அயனைசேஷன் எனர்ஜி" என்று தொடங்கினேன். "இடதுலருந்து வலது போகப் போக ஜாஸ்தியாவும்."

"ஏன்?"

ஏன் என்பது அந்தப் பக்கத்தின் நடுவில் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் தெருவே கேட்கும்படி நான் படித்த வரி. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பஸ் முத்தியால்பேட்டையைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"நீ நெஜமாவே படிச்சியாடி?" என்றாள். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டாள். அதனால்தான் அது அவ்வளவு வலித்தது.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பூக்கடை ஓரமாக நின்று நோட்டைத் திறந்தோம். காரணம் இரண்டே வரி. கருவின் இழுப்பு கூடுகிறது, வெளியில் இருக்கும் எலக்ட்ரானைப் பிடுங்குவது கடினமாகிறது. அதற்குக் கீழே இன்னொன்று: நைட்ரஜனுக்கு மட்டும் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனைவிட அதிகம், ஏனென்றால் அதன் ஆர்பிட்டல்கள் பாதி நிறைந்து நிலையாக இருக்கின்றன. படித்துவிட்டு டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம். மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது அந்த இரண்டு வரியும் கூப்பிடாமல் வந்து நின்றன. முந்தின நாள் நான் படித்த மற்ற பக்கங்களில் எதுவும் அப்படி வரவில்லை. தடுமாறின இடம் மட்டும் ஏன் தங்கியது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் தங்கியது.

கோட்டக்குப்பத்தில் அவள் ஏறியதும் நானே கேட்டேன். "நைட்ரஜனுக்கு ஏன் ஜாஸ்தி?"

அவள் யோசித்தாள். "பாதி... பாதி ரொம்பி இருக்கும். யா அல்லா, சொல்லிட்டேன்!" முன் சீட்டில் கூடையோடு இருந்த மீன்காரம்மா திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

அன்றிலிருந்து அது பழக்கமானது. பஸ்ஸில் புத்தகம் திறக்கக் கூடாது. ஒருத்தி கேட்க வேண்டும், ஒருத்தி சொல்ல வேண்டும். தெரியாததைப் பூக்கடை ஓரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்பதற்கு விளையாட்டு மாதிரி இருக்கிறது. எனக்கு அது விளையாட்டாக இல்லை. சத்தம்போட்டுப் படிப்பதில் ஒரு சுகம் உண்டு. எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும். இதில் தினமும் காலையில் எனக்கு என்னவெல்லாம் தெரியாது என்று அவள் எடுத்துக் காட்டினாள். ஒரு வாரம் பார்த்துவிட்டு நான் பஸ்ஸின் பின்பக்கம் போய் உட்கார ஆரம்பித்தேன். கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல இருப்பேன்.

அவள் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே பின்னால் வந்துவிட்டாள். "ஏன்டி ஒளியிற?"

"ஒண்ணும் தெரியலன்னு தெனமும் தெரியுது. கஷ்டமா இருக்குது."

"பரீட்சையில தெரியறதுக்கு பஸ்ல தெரிஞ்சா நல்லதுதானே? இங்க ஃபெயிலானா யாரு மார்க்கு போடறாங்க, கண்டக்டரா?"

"சரி, கேளு" என்றேன்.

மாசி மாதம் அவளுக்கு மெட்ராஸ் ஐ வந்தது. அவளிடமிருந்து எனக்கு வந்தது. இரண்டு பேரும் ஒரு வாரத்துக்கு மேல் வீட்டில் கிடந்தோம். கண் சிவந்து, பீளை கட்டி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல், புத்தகம் பக்கமே போகவில்லை. பரீட்சை நெருங்குகிறதே என்று பயம் வேறு. படித்ததெல்லாம் போய்விடும் என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

திரும்ப பஸ்ஸில் சந்தித்தபோது அவள் பழைய கேள்விகளைக் கேட்டாள். பாதி போயிருந்தது. எங்கள் இருவருக்கும் முகம் தொங்கிவிட்டது. குறிப்பாக, தினமும் கேட்டுக் கேட்டுத் தண்ணீர்பட்ட பாடாக வைத்திருந்தவைகூட ஆடின. வேறு வழியில்லாமல் ஒவ்வொன்றாக முட்டி மோதி வெளியே இழுத்தோம். "பென்சீன்ல எல்லா பாண்டும் ஒரே நீளம்... இரு, சொல்லாத, சொல்லாத... எலக்ட்ரான் ஒரு எடத்துல நிக்கறதில்ல, சுத்தி வருது!" இப்படி ஒவ்வொன்றுக்கும் நெற்றி வேர்த்தது. ஆனால் பத்து நாள் கழித்து அதே கேள்விகளை மறுபடி கேட்டபோது எல்லாம் கேட்ட மாத்திரத்தில் வந்தன. தினமும் கேட்டபோது வராத உறுதி, மறந்து போய் மீட்டபோது வந்திருந்தது.

"ஏய், கண்ணு வந்தது நல்லதாப் போச்சுடி" என்றாள் அவள். "இனிமே தெனமும் அதையே கேக்க வேணாம். கொஞ்சம் மறக்க உட்டுக் கேப்போம்."

அப்படித்தான் எங்களுக்கென்று ஒரு முறை உருவானது. முந்தின நாள் பாடத்தை மறுநாள் கேட்பது. அது வந்துவிட்டால் அடுத்த வாரம் வரை தொடுவதில்லை. அதுவும் வந்துவிட்டால் அடுத்த மாதம். தடுமாறினால் மறுபடி மறுநாளுக்கு இறங்கிவிடும். எந்தப் பாடம் எப்போது என்பதை அவள் விரலைவிட்டு எண்ணி வைத்துக்கொள்வாள். பல வருடங்கள் கழித்து, நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது, இதற்கென்று ஒரு பெயரும் அதைப் பற்றி எழுதப்பட்ட பாடமும் இருப்பதைப் பார்த்தேன். வகுப்பில் உட்கார்ந்து சிரித்துவிட்டேன். எங்களுக்கு அப்போது அதெல்லாம் தெரியாது. கண்வலி தெரியும், பஸ் தெரியும், அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் வீட்டில் ஒரு பிரச்சினை முளைத்திருந்தது. நான் சத்தம்போட்டுப் படிப்பதை நிறுத்திவிட்டேன். சாயங்காலம் ஒரு தடவை புரியும்படி பாடத்தைப் படித்துவிட்டு, புத்தகத்தை மூடிவைத்து, வாசலில் உட்கார்ந்து உப்பளத்துப் பக்கம் பார்த்தபடி எனக்கு நானே சொல்லிப் பார்ப்பேன். சில நேரம் உதடு அசையும். சில நேரம் விரலால் காற்றில் அறுகோணம் போடுவேன். வராத இடத்தில் தலையில் அடித்துக்கொள்வேன்.

அந்த மாதங்களில் எங்கள் பக்கம் நிறையப் பேர் தண்ணீரைப் பார்த்துப் பயந்துபோய் இருந்தார்கள். தூக்கத்தில் அலறிய குழந்தைகள் உண்டு. பேசாமல் போன பெரியவர்களும் உண்டு. அம்மா என்னை எந்தக் கணக்கில் சேர்த்தாள் என்று நான் யோசிக்கவே இல்லை. ஒரு நாள் அவளும் அப்பாவும் பேசுவது காதில் விழுந்தது.

"புக்க மூடி வச்சிட்டு தனியா பேசுது. காத்துல கோடு போடுது. எனக்குக் கொல நடுங்குது."

"படிப்பு டென்சனா இருக்கும்."

"படிச்சாதான டென்சன்? அதான் படிக்கறதையே உட்டுடுச்சே! சத்தமே காணோம்."

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா, "கோட்டக்குப்பம் வரைக்கும் போய்ட்டு வரலாம், கெளம்பு" என்றாள். எதற்கு என்று சொல்லவில்லை. ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. அங்கே பள்ளிவாசலில் அந்தி நேரத்து மஃரிப் தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள் வாசலில் காத்திருக்கும் குழந்தைகளுக்கு ஓதி ஊதுவார்கள். பயந்த பிள்ளைகளைச் சுத்துப்பட்டு ஊர்களிலிருந்து எல்லா ஜாதிக்காரர்களும் கொண்டுபோய் நிறுத்துவார்கள்.

கைக்குழந்தைகளை ஏந்திக்கொண்டு நின்ற பெண்களுக்கு நடுவே, நாங்களும் நின்றோம். நான் மட்டும் கல்லூரிப் பெண். வெட்கம் பிடுங்கித் தின்றது. தொழுகையை நடத்தி முடித்து வெளியே வந்த வயதான ஹஜ்ரத் எங்கள் முன்னால் நின்றார்.

"என்னம்மா பாப்பாவுக்கு?"

"தண்ணி வந்ததுலருந்து தானாப் பேசுதுங்க. ராத்திரி பகல்னு இல்ல. இன்னா பேசுதுன்னும் வெளங்கல."

அவர் என்னைப் பார்த்தார். "என்னம்மா பேசற?"

என்ன சொல்வது? "கெமிஸ்ட்ரிங்க" என்றேன்.

அவர் புருவம் உயர்ந்தது. "பரீட்சையா?"

"ஆமாங்க. ரெண்டு பேப்பர் அரியர் இருக்குது. மனசுக்குள்ள சொல்லிப் பாக்கறேன்."

அவர் தாடிக்குள் சிரித்தார். அம்மாவைப் பார்த்து, "பொண்ணுக்கு ஒண்ணுமில்லம்மா" என்றார். பிறகு, "வந்தது வந்துட்டீங்க, படிப்புக்கும் ஓதலாம்" என்று என் நெற்றியில் ஊதி, பாட்டில் தண்ணீரிலும் ஊதிக் கொடுத்தார்.

அம்மாவுக்கு அப்போதும் முழு நம்பிக்கை வரவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது, எதிரே பால் பாக்கெட்டோடு என் தோழி வந்தாள். என்னையும் அம்மாவையும் தண்ணீர் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னதும் தெருவிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு எங்களை விடாமல் வீட்டுக்கு இழுத்துப் போனாள். அவள் அம்மா எலுமிச்சை பிழிந்து சுலைமானி டீ போட்டுக் கொடுத்தார். என் அம்மா அவரிடம், "பாயம்மா, ஒங்க பொண்ணும் இப்டித்தான் தனியாப் பேசுதா?" என்று கேட்டாள்.

"அதையேன் கேக்கறீங்க? பாத்திரம் கழுவறப்ப பேசுது. மாடியில துணி காயப்போடறப்ப பேசுது. நான் போன்ல யாருகூடவோ பேசுதோன்னு பயந்து போன் ஒயரப் புடுங்கி வச்சேன். அப்பவும் பேசுது!"

இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கடல் வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

தோழி என் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா, புக்கப் பாத்துப் படிச்சா எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கும்மா. மூடுனாத்தான் தெரியும் தெரியலன்னு. நீங்க வேணா கேட்டுப் பாருங்க."

"எனக்கு இங்கிலீசு இன்னா தெரியும், நான் கேக்கறதுக்கு?"

"திங்கக்கெழம இன்னா சொல்லிக் குடுத்தாங்கன்னு கேளுங்க. போதும்."

அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து சாயங்காலம் அளத்திலிருந்து வந்து, குளித்து, அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் கேட்பாள். "போன திங்கக்கெழம இன்னா சொல்லிக் குடுத்தாங்க?" நான் தமிழும் இங்கிலீஷும் கலந்து சொல்வேன். அவளுக்குப் புரியாது. புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டாள். ஆனால் நான் ஏதாவது ஓர் இடத்தில் இழுத்தால், "இன்னா நிறுத்திட்ட?" என்பாள். நான் மழுப்பி ஏதாவது சொல்லிக் கடந்துபோகப் பார்ப்பேன். குழம்பைத் துழாவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள். போய்ப் புத்தகத்தைத் திறப்பேன். அப்பா சில நாள் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அளத்தில் வரப்புகளைத் திரும்பக் கட்டி முடித்து, பாத்தியில் தண்ணீர் விட்டிருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வீட்டில் பேச்சும் கொஞ்சம் பழையபடி ஆகியிருந்தது.

சித்திரையில் பரீட்சை. இரண்டாம் செமஸ்டர் பேப்பர்களோடு பழைய இரண்டும் சேர்ந்தன. அன்று முதல் அரியர் பேப்பர். ஹாலில் உட்கார்ந்து கேள்வித்தாளைத் திருப்பினேன். முதல் கேள்வியைப் பார்த்ததும் பழையபடியே ஆனது. பக்கம் தெரிந்தது, படம் தெரிந்தது, வரி வரவில்லை. அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

பேனாவைக் கீழே வைத்தேன். கண்ணை மூடினேன். தோழி பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏன்?" என்று கேட்பதுபோல நினைத்துக்கொண்டேன். ஏன், என்று எனக்கு நானே கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரம் எனக்குப் பழகிப்போயிருந்தது. அத்தனை மாதங்களாகத் தினமும் அதில்தான் இருந்திருக்கிறேன். அது முடியும், முடிந்த பிறகு ஏதாவது வரும் என்று தெரியும். முதலில் ஒரு வார்த்தை வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. எழுத ஆரம்பித்தேன்.

எல்லாக் கேள்விக்கும் தெரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஒன்றை விட்டேன். இன்னொன்றில் கடைசிப் படி சரியா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் பாதி தாண்டியபோது எனக்கு ஒன்று நடந்தது. பசித்தது. பரீட்சை ஹாலில் எனக்குப் பசித்ததே இல்லை. வயிறு சுருண்டுதான் கிடக்கும். அன்று ஜன்னல் வழியாக எங்கிருந்தோ தாளிக்கிற வாசனை வந்தது. எச்சில் ஊறியது. மணி அடித்ததும் வெளியே வந்து தோழியைத் தேடினேன்.

"எப்டி?" என்றாள்.

"பசிக்குதுடி."

அவள் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டு, புரிந்துகொண்டு, என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பஸ் ஸ்டாண்ட் எதிரில் நின்றுகொண்டே சமோசா தின்றோம். வாய் வெந்தது. அடுத்த பரீட்சைக்கு இரண்டு நாள் இருந்தது.

ஜூனில் ரிசல்ட் ஒட்டினார்கள். எல்லாம் பாஸ். பழைய இரண்டும், புதியவையும். அவளுக்கும் அப்படியே. வீட்டில் சொன்னபோது அப்பா, "ம்" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்து போனார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பொட்டலம் மிக்சரோடு வந்தார். யோசிப்போம் என்ற வார்த்தை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வரவில்லை.

இரண்டாம் வருடம் முழுக்க அதே பஸ், அதே பேச்சு. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, 2006 பங்குனியில் ஒரு நாள் அவள் பஸ்ஸில் ஏறிக் கேள்வி எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருந்தாள். கல்யாணம் முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை துபாயில். லீவு கிடைத்தபோது நடத்த வேண்டும் என்பதால் பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னால் நிக்காஹ்.

"படிப்பு?" என்றேன்.

"மாமியார் சொல்லிட்டாங்க. இந்த வருசம் எல்லாத்துலயும் பாஸ் பண்ணா கடைசி வருசத்த அம்மா வூட்லருந்து முடிக்கட்டுமாம். ஒண்ணு போனாலும் நின்னுடணுமாம்." அவள் சிரிக்கவில்லை. ஒரு பேப்பர் போனதைக் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தவள், இப்போது கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

கல்லூரிக்கு அவள் வருவது நின்றது. நான் திரும்பும்போது கோட்டக்குப்பத்தில் இறங்கி அவள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். வீடு நிறைய ஆட்கள். மூலைக்கு மூலை துணி, சமையல், குழந்தைகள். உட்கார்ந்து புத்தகம் பார்க்க இடமும் இல்லை, யாரும் விடவும் மாட்டார்கள். எங்களுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. தையல்காரர் அளவு எடுக்கும்போது கேட்டேன். வெங்காயம் உரிக்கும்போது கேட்டேன். மருதாணி வைத்த அன்று அவள் இரண்டு கையையும் முழங்கை வரை விரித்துக்கொண்டு சிலைபோல உட்கார்ந்திருந்தாள். மூக்கு அரித்தால்கூடச் சொறிய முடியாது.

"ஒண்ணாம் வகை ஆல்கஹாலும் மூணாம் வகை ஆல்கஹாலும் எப்டி கண்டுபுடிப்ப?"

"மூணாவது சீக்கிரம் கலங்கும்... ஒண்ணாவது சூடு பண்ணாத்தான். சரியா?"

சுற்றியிருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "கல்யாணப் பொண்ணுகிட்ட பேசற பேச்சா இது?" என்றார் அவள் பெரியம்மா. "சாராயம் எப்டி கலங்கும்னு பேசுதுங்க!" அவள் மட்டும் சிரிக்காமல், "அடுத்தது கேளு" என்றாள். அப்போது அவள் எவ்வளவு பயந்திருந்தாள் என்று எனக்குத் தெரிந்தது.

நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளை சாதுவான ஆளாகத் தெரிந்தார். பரீட்சைக்கு அவரே அவளை வண்டியில் கொண்டுவந்து விட்டு, வெளியே மரத்தடியில் காத்திருந்தார். சிவந்த கையால் அவள் எழுதுவதை ஹாலின் கோடியிலிருந்து நான் பார்த்தேன். என் பேப்பரைவிட அவள் பேப்பரைப் பற்றித்தான் எனக்குக் கவலையாக இருந்தது.

ரிசல்ட் ஒட்டிய நாளில் நான் தனியாகத்தான் போனேன். என் நம்பரைப் பார்த்தேன், இருந்தது. அவள் நம்பரைத் தேடும்போது கண் நிலைகொள்ளவில்லை. விரலை வைத்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு பேப்பருக்கும் எதிரே பாஸ். மறுபடி ஒரு தடவை பார்த்தேன். பின்னால் நின்ற பெண், "அக்கா, கொஞ்சம் நகருங்க" என்றாள். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து காயின் போனில் அவள் அம்மா வீட்டு நம்பரை அழுத்தினேன். அவளே எடுத்தாள்.

"எல்லாத்துலயும்டி" என்றேன். "எல்லாத்துலயும்."

அந்தப் பக்கம் ஒரு பெரிய மூச்சு கேட்டது. "இரு, நான் மொதல்ல ஒக்காந்துக்கறேன்" என்றாள். உட்கார்ந்த பிறகு அழுதாள். அழுதுகொண்டே உள்ளே யாரிடமோ, "அம்மா, பாஸு!" என்று கத்தினாள். வீடே கத்தியது எனக்குக் கேட்டது.

அன்றைக்கு நான் ஊர் திரும்பியபோது அம்மா அளத்திலிருந்து வந்து காலில் ஒட்டிய உப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். சொம்பைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்தாள்.

"நானு பாஸும்மா."

"அந்தப் பொண்ணு?"

"அதுவும்தான். கடைசி வருசம் படிக்குது."

அம்மா சொம்பைக் கீழே வைத்தாள். படியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டிக்கொண்டாள். "அப்பாடா" என்றாள். பிறகு, "பசிக்குது. சோறு போடு" என்றாள்.